இன்ஜின் மாற்றிய பிறகு வண்டி அடிக்கடி நின்றுவிடுகிறதா? குறையைப் படிப்படியாகத் தேடும் வழி

மே மாத வெயிலில் ஆம்பூரிலிருந்து வேலூர் திரும்பிக்கொண்டிருந்தபோது என் காரின் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டதைக் கவனிக்காமல் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரை ஓட்டிவிட்டேன். அதற்குள் பிஸ்டன்கள் இறுகி, பட்டறைக்காரர்கள் சொல்வதுபோல் இன்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டது. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

பட்டறையில் அதே வகைப் பழைய இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார்கள். வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கிரீன் சர்க்கிள் நெரிசலில் பிரேக்கை மிதித்ததும் இன்ஜின் அணைந்தது. ஒரு வாரம் கழித்து, நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போதே அணைந்தது. திரும்பக் கொண்டுபோனேன். முதல் முறை ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். அடுத்த முறை பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். மூன்றாம் முறை, "சார், இன்ஜினில் குறையே இல்லை. கொஞ்ச நாள் ஓட்டுங்கள், பழகிவிடும்" என்றார்கள். இன்ஜின் என்ன புது மருமகனா, பழகுவதற்கு?

கடைசியில் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பாய் கண்டுபிடித்தார். குறை ஒன்றல்ல, இரண்டு. அதுவரை செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றைச் சரிசெய்யத் தேவைப்படவில்லை. அவர் முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, இன்ஜின் உள்ளே யாரும் கை வைக்கவில்லை. வெளியேதான் வைத்திருக்கிறார்கள். கை பட்ட இடத்தைப் பார்."

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பேச்சின் விரிவுதான். வேறொரு வண்டியில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைக் கொண்டுவந்து பொருத்தும்போது வயர்கள், ரப்பர் குழாய்கள், எர்த் இணைப்புகள் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி), கேஸ்கெட்டுகள் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுப்பவை), சென்சார்கள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிறார்கள். ஆகவே இன்ஜின் மாற்றியதும் தொடங்கிய கோளாறை இன்ஜினுக்குள் தேடுவது கடைசி வேலை. முதல் வேலை, கழற்றி மாட்டிய இடங்களைப் பார்ப்பது.

முதலில் உயிர், பிறகு வண்டி

ஓடும் வண்டியில் இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனமாகும். பிரேக்குக்குக் கிடைக்கும் வாக்குவம் உதவி ஓரிரு மிதிகளுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சாவியை முழுக்கப் பின்னால் திருப்பி வெளியே எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு விளக்கையும் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. குறை தெரியும்வரை சென்னை–பெங்களூரு சாலையில் அந்த வண்டியை ஏற்றவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. லாரிகள் பின்னால் வரும் சாலையில் சோதனை செய்து பார்ப்பது வீரமில்லை.

பட்டறையில் கேட்க வேண்டியவை

வண்டியைத் தொடுவதற்கு முன் நான்கு கேள்விகள். வந்த இன்ஜின் எந்த ஆண்டு, எந்த மாடல் வண்டியிலிருந்து எடுத்தது? த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்), இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிப்பது), கிராங்க் சென்சார், கேம் சென்சார் (இன்ஜினின் இரு தண்டுகள் சுழல்வதைக் கணினிக்குச் சொல்பவை) ஆகியவை பழைய இன்ஜினிலிருந்து மாற்றியவையா, இப்போது பொருத்திய இன்ஜினோடு வந்தவையா? இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) கேஸ்கெட் புதிதாகப் போட்டார்களா? இன்ஜினின் கணினி, அதாவது ஈ.சி.யு., பழையதேயா?

கேள்விகள் எதற்கென்றால், ஒரே பெயருள்ள இன்ஜினிலும் ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் உண்டு. கிராங்க் சென்சார் படிக்கும் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை வேறாக இருக்கலாம், சென்சார் வகை வேறாக இருக்கலாம். போல்ட் பொருந்துகிறது என்பதால் கணினிக்கும் பொருந்திவிடாது. பதில்களை எழுதி வாங்குங்கள். பழைய இன்ஜினை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் குறை தீரும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

எப்போது நிற்கிறது என்பதை எழுதுங்கள்

சி.எம்.சி.யில் எந்த மருத்துவரிடம் போனாலும் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்கும் முன்பே எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், எது செய்தால் அதிகமாகிறது என்று கேட்பார். வண்டிக்கும் அதே விசாரணை வேண்டும். ஒரு சிறு நோட்டை டாஷ்போர்டில் வையுங்கள். ஒவ்வொரு முறை நின்றதும் நேரம், ஓடிய தூரம், இன்ஜின் சூடு, ஏ.சி. போட்டிருந்ததா, பிரேக் மிதித்தபோதா, மேட்டிலா, குழியில் இறங்கியபோதா, மறுபடி உடனே ஸ்டார்ட் ஆனதா என்று குறியுங்கள். நின்ற கணத்தில் ஆர்பிஎம் முள் எப்படி விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் எட்டுக் குறிப்புகள் சேர்ந்ததும் விஷயம் தெளிந்தது. ஐந்து முறை பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது நின்றது. உடனே ஸ்டார்ட் ஆனது. மூன்று முறை முக்கால் மணி நேரம் ஓடிய பின் சூட்டில் நின்றது; பதினைந்து நிமிடம் ஆறிய பிறகே ஸ்டார்ட் ஆனது. இரண்டையும் ஒரே நோயாக நினைத்ததால்தான் பட்டறையும் குழம்பியது, நானும் குழம்பினேன்.

குறிப்புகளை வாசிப்பது இப்படி: ஸ்டார்ட் ஆகி இரண்டே விநாடியில் அணைந்தால், டாஷ்போர்டில் சாவிப் படம் மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. கணினியையும் சேர்த்து மாற்றியவர்களுக்கு இது வரும். ஸ்கேனரால் சாவியைப் பதிய வேண்டும். ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது), பிரேக்கில் நின்றால் காற்றுக் கசிவு அல்லது த்ராட்டில் பாடி. சூட்டில் திடீரென நின்றால் கிராங்க் சென்சார், அதன் வயர், ரிலே. மேட்டில் திணறி நின்றால் எரிபொருள் போதவில்லை அல்லது சைலன்சர் அடைத்திருக்கிறது. குழியில், திருப்பத்தில் நின்றால் தளர்ந்த கனெக்டர் அல்லது எர்த்.

ஆர்பிஎம் முள் தனியாக ஒரு சாட்சி. கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது, அதாவது சக்கரம் இன்ஜினை இன்னும் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே, முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தால் கணினிக்குக் கிராங்க் சிக்னல் போகவில்லை, அல்லது கணினிக்கே மின்சாரம் போய்விட்டது. முள் மெல்ல மெல்ல இறங்கினால் மின்சாரப் பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் பாருங்கள்.

எர்த் இணைப்பு: பத்து நிமிட வேலை

இன்ஜின் இறக்கி ஏற்றும்போது அதிகம் மறந்துபோவது இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. மாட்டியிருந்தாலும் பெயின்ட் மேலோ துரு மேலோ மாட்டியிருப்பார்கள். அது இல்லாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். மின்சாரம் கிளட்ச் கேபிள், சின்னச் சின்ன வயர் என்று கிடைத்த வழியில் திரும்பிவிடும். ஹெட்லைட், ரேடியேட்டர் விசிறி, ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஓடும்போது சென்சார்களின் அளவு தாறுமாறாகும்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடாமல் பேட்டரியில் 12.6 வோல்ட் அருகே இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள்.

காற்றுக் கசிவு

பிரேக்கை மிதித்தால் நிற்கும் வண்டிக்கு முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதி கெட்டியாகும். மிதியை அப்படியே அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், அல்லது மிதிக்கும்போது உஸ் என்ற சத்தத்தோடு இன்ஜின் தடுமாறினால், பிரேக் பூஸ்டரிலோ (மிதிக்கு வாக்குவம் உதவி தரும் பாகம்) அதற்குப் போகும் ரப்பர் குழாயிலோ கசிவு இருக்கிறது.

என் வண்டியில் அந்தக் குழாயின் அடிப்பக்கத்தில் நகம் நீளத்துக்கு ஒரு விரிசல். மேலிருந்து பார்த்தால் தெரியாது. வெயிலில் காய்ந்து காய்ந்து கட்டையாகிப்போன ரப்பரைக் கழற்றும்போது முறுக்கியிருக்கிறார்கள், பிளந்துவிட்டது. வேலூர் வெயிலில் பத்தாண்டு ஓடிய வண்டியில் இன்ஜின் இறக்கினால், வாக்குவம் குழாய்கள் அனைத்தையும் அப்போதே புதிதாக மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பட்டறைக்காரர் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

மற்றக் குழாய்களைச் சோதிக்க, இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய குறடால் மெல்ல நெரியுங்கள். எதை நெரித்ததும் ஓட்டம் சீராகிறதோ அந்தக் குழாயும் அது போய்ச் சேரும் பாகமும் சந்தேகத்துக்குரியவை. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இழுக்கும் பிசிவி குழாய், பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வின் குழாய், மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் குழாய் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். உறிஞ்சப்பட்டால், ஓட்டம் மாறினால் கசிவு அங்கே. பல பட்டறைகளில் கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை அடிப்பார்கள். வேகமாகக் கண்டுபிடித்துவிடும், ஆனால் சூடான சைலன்சர் மேல் பட்டால் தீப்பிடிக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

த்ராட்டில் பாடியும் மறந்துபோன கணினியும்

இது பலருக்குப் புரியாத விஷயம். த்ராட்டில் பாடியில் ஆண்டுக்கணக்கில் கரி படியும். காற்று வழி சுருங்கச் சுருங்க, கணினி அதைக் கற்றுக்கொண்டு ஐடிலிங்கில் கூடுதலாகத் திறந்து ஈடுசெய்துகொண்டிருக்கும். இன்ஜின் மாற்ற பேட்டரியைக் கழற்றியதும் பல வண்டிகளில் கற்றதெல்லாம் அழிந்துவிடும். கரி மட்டும் அப்படியே இருக்கும். இப்போது கணினி, சுத்தமான த்ராட்டில் என்று நினைத்து அளவாகத் திறக்கிறது. காற்று போதாமல் இன்ஜின் அணைகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும் என்றால் பெரும்பாலும் இதுதான்.

அதற்கான ஸ்பிரேயும் மெல்லிய துணியும் கொண்டு இன்ஜின் ஆறிய பிறகு சுத்தம் செய்யுங்கள். எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் பலமாகத் தள்ளாதீர்கள். பிறகு ஐடிலிங்கை மறுபடி கற்பிக்க வேண்டும். சில வண்டிகள் தானாகவே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனரில் கட்டளை கொடுக்க வேண்டும். முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். சூடான இன்ஜின் 700 முதல் 900 ஆர்பிஎம்முக்குள் ஆடாமல் நின்றால் சரி.

ஸ்கேனர் என்ன சொல்கிறது

2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 4 கார்களில் ஓபிடி 2 வசதி, அதாவது கோளாறுகளை வண்டியே எண்களாகப் பதிந்துவைக்கும் வசதி உண்டு. கைப்பேசியோடு இணையும் மலிவான புளூடூத் கருவியே கோளாறு எண்களைப் படித்துவிடும். பி-0335 வந்தால் கிராங்க் சென்சார் பக்கம். பி-0340 என்றால் கேம் சென்சார். பி-0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். பி-0016 வந்தால் கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை, டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) சந்தேகம். எண் வந்த உடனே அந்தச் சென்சாரை வாங்கப் போகாதீர்கள். எண் சுட்டுவது அந்தச் சுற்றை; அதில் சென்சாரும் உண்டு, வயரும் உண்டு, கனெக்டரும் உண்டு. இன்ஜின் மாற்றிய வண்டியில் நான் வயர்மேல்தான் பந்தயம் கட்டுவேன்.

எண் எதுவும் வராவிட்டாலும் 'ஃபியூயல் டிரிம்' அளவை, அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் கூடக்குறைய இருப்பது இயல்பு. ஐடிலிங்கில் இருபதைத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. வேகம் கூடக் கூட அதுவும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. பம்பை மாற்றும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் எனக்கு ஒரு பம்பின் விலை மிஞ்சியிருக்கும்.

சூட்டில் நிற்கும் வண்டி

பல கிராங்க் சென்சார்களுக்குள் நுண்ணிய கம்பிச் சுருள் இருக்கும். பழசானால் சூட்டில் விரிந்து இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை, ஸ்கேனரில் அப்போது ஆர்பிஎம் பூச்சியம் என்றால், ஈரத்துணியால் சென்சாரை மட்டும் குளிரவைத்துப் பாருங்கள். உடனே பற்றினால் குற்றவாளி அகப்பட்டது. கைக்கு எட்டும் இடமாக இருந்தால் மட்டும். சூடான சைலன்சர் பக்கத்தில் கையை விடாதீர்கள்.

என் விஷயத்தில் சென்சார் நல்ல சென்சார்தான். பாய் அதைப் பார்க்கக்கூட இல்லை. டார்ச்சை வைத்துக்கொண்டு வயர் போகும் பாதையை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனார். வயரைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் ஒன்றைக் காணவில்லை. வயர் தொங்கி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (புகை வெளியேறும் சூடான குழாய்) தகட்டில் உரசி, மேலுறை உருகி, உள்ளே செம்பு தெரிந்தது. சூடேறி உலோகத்தைத் தொடும்போதெல்லாம் சிக்னல் செத்தது. வெட்டி, சால்டர் வைத்து, வெப்பம் தாங்கும் உறை போட்டு, இரண்டு இடத்தில் கட்டினார். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

வயர்களை நீங்களே சோதிக்க, இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு கனெக்டரையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். எதை ஆட்டும்போது தடுமாறுகிறதோ அங்கே நில்லுங்கள். பெல்ட், விசிறி பக்கம் மட்டும் சட்டைக் கையும் துண்டும் போகக் கூடாது.

பெட்ரோல், டீசல், சைலன்சர்

வண்டி பட்டறையில் மாதக்கணக்கில் நின்றிருந்தால் தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். சாவியைப் போட்டதும் பின்னிருக்கைப் பக்கம் இரண்டு மூன்று விநாடி பம்ப் சத்தம் கேட்க வேண்டும். வண்டி நின்றதும் தொட்டி மூடியைத் திறந்தால் காற்றை உறிஞ்சும் சத்தம் பலமாக வந்து, உடனே ஸ்டார்ட் ஆனால் தொட்டிக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. பிரஷர் மீட்டர் வைத்துப் பார்ப்பதைப் பட்டறைக்கு விடுங்கள். பல பெட்ரோல் கார்களில் 3 பார் அருகே இருக்கும்.

டீசல் வண்டி என்றால் முதல் சந்தேகம் குழாயில் காற்று. ஃபில்டர், வாஷர், குழாய் இணைப்பு எங்காவது காற்றை உறிஞ்சினால், ஓடி ஓடி நிற்கும். கைப் பம்பை அழுத்தி ஏர் எடுத்ததும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி மறுபடி நின்றால் கசிவு இன்னும் இருக்கிறது என்று பொருள். காமன் ரெயில் வண்டியில் (கணினி இன்ஜெக்டர்களைக் கட்டுப்படுத்தும் டீசல் வகை) இன்ஜெக்டர்கள் மாறியிருந்தால், அவற்றின் மேல் பொறித்த எண்ணைக் கணினியில் பதிந்தார்களா என்றும் கேளுங்கள்.

பழைய இன்ஜின் எண்ணெயை எரித்தோ கூலன்ட்டைக் குடித்தோ செத்திருந்தால், அதன் கழிவு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அடைத்திருக்கலாம். புது இன்ஜினுக்கு மூச்சு விட வழியில்லை. காட்பாடி மேம்பாலம் ஏறும்போதே திணறினால் அதைப் பாருங்கள்.

கடைசியாக டைமிங்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் வண்டி நின்றால் மட்டும் இங்கே வாருங்கள். பொருத்தும்போது டைமிங் பெல்ட்டையோ செயினையோ தொட்டிருந்தால் ஒரு பல் தவறியிருக்கலாம். ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் நடுங்கும், இழுவை இருக்காது. மூடியைக் கழற்றி அடையாளக் கோடுகளை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். கூடவே கம்ப்ரெஷன் அளவும், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், உங்களுக்கு விற்ற இன்ஜினே சரியில்லை. அப்போது பேச்சு இன்ஜினை மாற்றித் தருவதைப் பற்றி.

பட்டறையோடு பேசும் விதம்

சண்டையாகத் தொடங்காதீர்கள். நோட்டைக் காட்டுங்கள். "அண்ணே, ஒருமுறை என்னோடு ஓட்டிப் பாருங்கள்" என்று அழைத்துப் போய் நிற்பதை அவர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். இனி மாற்றும் பொருளால் குறை தீராவிட்டால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பில், உத்தரவாதக் காலம், இன்ஜின் எண் மூன்றும் தாளில் இருக்கட்டும். எதற்கும் மசியாத இடமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்.

இன்ஜின் எண் ஆர்.சி.யில் உள்ள விவரம். அது மாறியதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு எண் ஒத்துப்போகவில்லை என்ற பேச்சு வரக் கூடாது. பொருத்திய இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

குறை சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள

பட்டறை வாசலில் பத்து நிமிடம் ஓடியதை நம்பாதீர்கள். காலைக் குளிரில் ஒரு ஸ்டார்ட். ஏ.சி., ஹெட்லைட் போட்டபடி பழைய பேருந்து நிலையப் பக்கம் நெரிசலில் அரை மணி நேரம். காட்பாடி மேம்பாலத்தில் ஒரு ஏற்றம். இவற்றில் தேறினால் மட்டும், துணைக்கு ஒருவரோடு, பகலில், இடது ஓரமாகப் பள்ளிகொண்டா வரை சீரான வேகத்தில். அங்கே இன்ஜினை அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். அணைந்த இன்ஜினில் சூடு மேலே ஏறும் நேரம் அது. பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து திரும்புங்கள். இதையே மூன்று வெவ்வேறு நாட்களில், அதில் ஒன்றாவது நல்ல வெயில் நேரத்தில் செய்யுங்கள். மூன்று நாளும் நோட்டில் எழுத எதுவும் இல்லை என்றால் பட்டறைக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.